குலுக்கினால் ஒட்டும் என்றார்கள்: தூண்டில் ஈயத்துக்கு ஒரு பவுடர் கோட்டிங் கிட்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் அதற்குத்தான் வந்திருப்பீர்கள். பவுடருக்கு 5-க்கு 4.5. அதோடு வந்த டப்பாவுக்கு 1. உள்ளே மடித்து வைத்திருந்த அரைப்பக்கக் குறிப்புத்தாளுக்கு முட்டை. ஒரே பெட்டிக்குள் வந்த சாமானுக்கு எதற்கு மூன்று மார்க் என்று கேட்பீர்கள். மூன்றையும் ஒன்றாக நம்பியதில்தான் என்னுடைய முதல் மூன்று வாரமும் கிட்டத்தட்ட 2 கிலோ வார்ப்பும் வீணாய்ப் போயின. பவுடர்தான் மட்டம் என்று நாள்தோறும் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் அது ஒரு பாவமும் அறியாதது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 450 கிராம் சிவப்புப் பவுடர் ஒரு பாட்டிலில், சின்ன மாதிரிப் பொட்டலங்களாக வெள்ளையும் இருட்டில் ஒளிரும் பச்சையும், மூடி திருகும் கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் டப்பா ஒன்று, 6 மில்லிமீட்டர் கறுப்பு பிளாஸ்டிக் உருண்டைகள் ஒரு பை, நீள மூக்கு இடுக்கி, ஒரு சிலிக்கான் விரிப்பு. கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே மாதிரி கிட்கள் பல லேபிள்களில் கிடைக்கின்றன, நான் சொல்லும் குறையும் நிறையும் அவற்றுக்கும் ஏறக்குறையப் பொருந்தும்.

ஈயக்குண்டை வீட்டில் வார்ப்பவர்களுக்கு இது எதற்கு என்று விளக்க வேண்டாம். வெறும் ஈயம் நாலு நாளில் கறுத்துவிடும், தொட்ட கையெல்லாம் சாம்பல் படியும். பெயின்ட் அடித்தாலும் பாறையில் இரண்டு தரம் இடித்தால் உதிர்ந்துவிடும். ஜிக் தலைக்கு (தூண்டில் முள்ளோடு சேர்த்து வார்க்கும் ஈயத் தலை) நகப்பூச்சு அடித்துப் பார்த்திருக்கிறேன், ஒரு காலைப் பொழுது தாங்கியது. பவுடர் கோட்டிங் வேறு ஜாதி. பாலியெஸ்டர் பிசினும் அதைக் கெட்டியாக்கும் ஒரு பொருளும் நிறமும் சேர்ந்த நுண்பொடி அது. சூட்டில் முதலில் உருகிப் பரவும், பிறகு உள்ளுக்குள் பின்னிப் பிணைந்து இறுகும், ஒரு தடவை இறுகிவிட்டால் மறுபடி சூடாக்கினாலும் உருகாது. நன்றாக வெந்த பூச்சு ஈயம் நசுங்கினால் கூடவே நசுங்கும், உடையாது.

கேள்வி, வேகும் வரைக்கும் அந்தப் பொடியை ஈயத்தின் மேல் எப்படி நிறுத்தி வைப்பது என்பதுதான். தொழிற்சாலையில் மின்னேற்றும் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள், பல்லாயிரம் வோல்ட்டில் பொடிக்கு மின்னூட்டம் கொடுத்து, எர்த் செய்த பொருளின் மேல் தெளிக்கிறார்கள், அது தானாகப் போய் அப்பிக்கொள்கிறது. வீட்டில் அவ்வளவு தூரம் போகாதவர்களுக்குத்தான் இந்தக் குலுக்கல் முறை. துப்பாக்கிக் குண்டை வீட்டில் வார்ப்பவர்கள் ரொம்ப காலமாகப் புழங்குவது, தூண்டில்காரர்களும் எடுத்துக்கொண்டோம். பிளாஸ்டிக் டப்பாவில் பொடியையும் பிளாஸ்டிக் உருண்டைகளையும் ஈயத்தையும் போட்டுக் குலுக்கினால், உராய்வில் நிலைமின்சாரம் பிறந்து பொடி ஈயத்தில் ஒட்டும். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கை இழுக்கும் அதே சமாச்சாரம்தான்.

சரி, குறிப்புத்தாள் என்ன சொல்கிறது? "துடைத்துப் போடவும், 30 விநாடி குலுக்கவும், 200 டிகிரியில் 10 நிமிடம் வைக்கவும்." முடிந்தது. அவ்வளவுதான் தாள்.

நானும் அப்படியே செய்தேன். 15 கிராம் முட்டை வடிவக் குண்டு இருபது, ஒரு கரண்டி சிவப்பு, ஒரு கை உருண்டை, 30 விநாடி. மூடியைத் திறந்தால் குண்டுகள் சாம்பல் நிறமாகவே கிடக்கின்றன, அங்கங்கே சந்தனம் தெறித்த மாதிரி நாலு சிவப்புத் திட்டு. டப்பாவின் சுவரிலும் ஒன்றும் ஒட்டவில்லை, இதை அப்போது கவனித்தேனே தவிர அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை. இரண்டு நிமிடம் குலுக்கினேன், ஐந்து நிமிடம் குலுக்கினேன், கை வலித்தது. பவுடரை இரட்டிப்பாகப் போட்டேன், அது இன்னும் மோசம், அதிகப் பொடி தன் மேலேயே தேய்ந்துகொண்டு சும்மா மணல் மாதிரி உருண்டது. ஒப்புக்குப் பிடித்த கொஞ்சமும் இடுக்கியால் எடுக்கும்போது கொட்டிவிட்டது.

அந்த டப்பாவைக் கவிழ்த்து அடியைப் பார்த்தது ஒரு வாரம் கழித்துத்தான். முக்கோணத்துக்குள் 1 என்று இருந்தது. அப்படியென்றால் தண்ணீர் பாட்டில் செய்கிற அதே பிளாஸ்டிக். குலுக்கல்காரர்கள் எல்லாரும் தேடுவது முக்கோணத்துக்குள் 5, அதாவது பாலிபுரொப்பிலீன், கொஞ்சம் பால் மங்கலாக, அழுத்தினால் வளைகிற ரகம். வீட்டில் பழைய பொருள்களைப் போட்டு வைத்திருந்த ஒரு லிட்டர் டப்பா ஒன்றைத் தேடி எடுத்து, அதில் 5 இருப்பதைப் பார்த்து, கழுவி, நன்றாகக் காயவிட்டு, அதே பவுடரையும் அதே உருண்டைகளையும் மாற்றினேன். குலுக்க ஆரம்பித்த பத்தாவது விநாடியிலேயே டப்பாச் சுவர் முழுக்க ஒளி புகாத சிவப்பாகிவிட்டது. வெளியிலிருந்து சுண்டினாலும் விழவில்லை. மூடியைத் திறந்தபோது புறங்கை மயிர் சிலிர்த்தது, மெல்லிய சடசடப்பு கூடக் கேட்டது. குண்டுகள்? மாவில் புரட்டி எடுத்த மாதிரி, மூலை முடுக்கு விடாமல்.

ஒரு டப்பாவில்தான் இவ்வளவும் இருந்திருக்கிறது. பவுடர் விற்பவர்கள் டப்பா விஷயத்தில் மட்டும் ஏன் இப்படிக் கோட்டை விடுகிறார்கள் என்று புரியவில்லை. உள்ளே நடப்பது தெரியட்டும் என்று தெளிவான பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் போல. நடப்பது தெரிகிறது, நடக்கத்தான் இல்லை.

அதே சந்தோஷத்தில் அடுத்த நாள் 40 குண்டு குலுக்கினேன். மறுபடி திட்டுத் திட்டு! இந்த முறை வேறு மாதிரி: ஒரு குண்டில் அழகாகப் பிடித்திருக்கிறது, பக்கத்துக் குண்டில் கட்டைவிரல் அளவுக்கு வெறும் ஈயம். கட்டைவிரல் அளவு என்று சும்மா சொல்லவில்லை, உற்றுப் பார்த்தால் கோடு கோடாக ரேகையே தெரிந்தது. வார்த்த குண்டின் ஓரப் பிசிறை வெறுங்கையால் பிடித்து அரம் போட்டிருந்தேன், அந்தக் கைப்பிசுக்கு அப்படியே கிடந்திருக்கிறது. "துடைத்துப் போடவும்" என்று தாள் சொன்னதை நானும் பழைய துணியால் துடைத்தேன், பிசுக்கை இங்கிருந்து அங்கே பரப்பியதுதான் மிச்சம்.

இப்போது நான் செய்வது: வார்த்த அன்றே கோட்டிங் போடுகிறேன், முடிந்தால் அச்சிலிருந்து விழுந்ததிலிருந்தே கையுறை இல்லாமல் தொடுவதில்லை. புது ஈயத்தின் பளபளப்பு மேல் பிடிக்கிற மாதிரி, மாதக்கணக்கில் கிடந்து வெளுத்த ஈயத்தின் மேல் பிடிப்பதில்லை. பழைய குண்டாக இருந்தால் சுடுநீரிலும் சோப்பிலும் அலசி, முழுக்கக் காயவிட்டு, பிறகு அசிட்டோனில் ஒரு குளியல், மறுபடி காயவிடல். அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், ஓவனும் உருக்கும் சட்டியும் இருக்கும் அறையில் அதைத் திறக்கவே கூடாது, காய்வதும் வெளியே காற்றில்தான்.

இன்னொரு பிசுக்கு கண்ணுக்கே தெரியாதது. குண்டு சுலபமாகக் கழன்று வரட்டும் என்று அச்சுக்கு சிலிக்கான் ஸ்ப்ரே அடிக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. பொடி ஒழுங்காகத்தான் ஒட்டியது, ஓவனில் உருகும்போது அங்கங்கே மீன் கண் மாதிரி வட்ட வட்டமாக விலகி, நடுவில் ஈயம் தெரிந்தது. சிலிக்கான் பட்ட இடத்தில் எந்தப் பூச்சும் விலகி ஓடும், சோப்புக்கும் லேசில் போகாது. அச்சையே கழுவி, மெழுகுவர்த்திப் புகைக்கரிக்கு மாறினேன். கரியும் கொஞ்சம் குண்டில் ஒட்டும்தான், ஆனால் கழுவினால் போகிறது.

அப்புறம் ஈரப்பதம். இதைப் பற்றித் தாளில் ஒரு எழுத்து கூட இல்லை, இந்த வேலையின் பாதி இதுதான். காற்றில் ஈரம் இருந்தால் நிலைமின்சாரம் நிற்காது, உண்டாக உண்டாகக் கசிந்துவிடும். மழை விடாமல் பெய்த ஒரு நாளில், நல்ல டப்பா, கழுவின ஈயம், எல்லாம் சரியாக வைத்துக்கொண்டு குலுக்கினேன், முதல் நாள் தோல்வியே திரும்பி வந்தது. மூடி ஒழுங்காக மூடாமல் விட்ட பவுடர் பாட்டிலிலும் சின்னச் சின்னக் கட்டிகள். இப்போது குலுக்கல் ஏசி ஓடுகிற அறையில் மட்டும், அதுவும் ஏசி ஓடத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து. பவுடர் பாட்டிலுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு நிரந்தரமாகக் கிடக்கின்றன, கட்டி இருந்தால் மெல்லிய சல்லடையில் சலித்துக்கொள்கிறேன். பவுடரைக் காய வைக்கிறேன் என்று ஓவனில் வைத்துவிடாதீர்கள், குறைந்த சூட்டிலேயே துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறகு எதற்கும் உதவாது. வெயிலிலும் வேண்டாம்.

அளவு விஷயம் என் கை அனுபவம்தான், சூத்திரம் இல்லை. ஒரு லிட்டர் டப்பாவுக்கு 15 கிராம் குண்டு இருபதுக்கு மேல் போடுவதில்லை, உருண்டைகள் அடித்தளம் மறையும் அளவுக்கு, பவுடர் ஒரு சின்னக் கரண்டி. அடுத்த சுற்றுக்கு அரைக் கரண்டி சேர்த்தால் போதும். மேலும் கீழுமாகக் குலுக்காமல், மேசை மேல் வைத்து வட்டமாகச் சுழற்றினால் ஈயம் ஈயத்தோடு மோதி நெளிவது குறைகிறது. 40, 60 கிராம் குண்டுகளை இந்த முறையில் போடவே போடாதீர்கள், ஒன்றையொன்று குத்திப் பள்ளமாக்கிக்கொள்ளும், ஒட்டின பொடியையும் உதறிவிடும். கிட்டின் பெட்டி மேல் ஒரு பெரிய பிரமிடு குண்டின் படம் போட்டிருக்கிறார்கள். யாருடைய கற்பனையோ.

உருண்டைகளைப் பற்றிப் புகார் இல்லை. கறுப்பு ரகம்தான் நன்றாக வேலை செய்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள், கிட்டில் வந்ததும் கறுப்பு. வீட்டில் கிடந்த வெள்ளை உருண்டைகளைப் போட்டுப் பார்த்தேன், ஒட்டியது, ஆனால் நேரம் கூடுதல் எடுத்தது.

குலுக்கிய பிறகு குண்டை வெளியே எடுப்பதுதான் கைப்பழக்கம். இடுக்கியால் பிடித்து, இடுக்கியின் தண்டை டப்பா விளிம்பில் மெதுவாக இரண்டு தட்டு தட்டினால் அதிகப்படிப் பொடி உதிர்ந்து, மேலே ஒரே சீரான மெல்லிய படலம் நிற்கும். வேகமாகத் தட்டினால் எல்லாம் போச்சு. இடுக்கி பிடித்த இடத்தில் இரண்டு புள்ளி வெறுமையாகத்தான் இருக்கும். துளையுள்ள முட்டைக் குண்டாக இருந்தால் நான் இடுக்கியையே விட்டுவிட்டேன்: எஃகுக் கம்பியைத் துளையில் நுழைத்து எடுத்து, அப்படியே கம்பியோடு ஓவன் தட்டில் தொங்க விடுகிறேன், துளையும் அடைபடாது, அடியில் விரிப்பில் பட்ட தழும்பும் வராது. பித்தளை வளையமோ சுழல் வளையமோ பதித்து வார்த்த குண்டுக்கு, வளையத்தை முன்கூட்டியே சூடு தாங்கும் டேப்பால் சுற்றிவிடுங்கள். நான் சுற்றாமல் விட்ட பன்னிரண்டு குண்டில் சுழல் வளையங்கள் இப்போது சுழலாத வளையங்கள்.

வேகவைப்பதுக்கு வருவோம், இங்கேதான் என் இரண்டாவது பெரிய முட்டாள்தனம். ஓவன் திருகை 200-இல் வைத்து, தட்டை உள்ளே தள்ளி, கடிகாரம் பார்த்து 10 நிமிடத்தில் எடுத்தேன். பளபளவென்று, கண்ணாடி மாதிரிச் சிவப்பு. பெருமையாகப் படம் எல்லாம் எடுத்து வைத்தேன். அடுத்த வாரம் நீரில் இறக்கி மூன்றாவது எறிதலில், பாறையில் பட்டு, முட்டை ஓடு உரிகிற மாதிரி சில்லுச் சில்லாக வந்துவிட்டது. மறுபடி பவுடரைத் திட்டினேன். (கம்பெனிக்கு ஒரு கடுமையான கடிதம் கூட எழுதி வைத்திருந்தேன், நல்லவேளை அனுப்பவில்லை.)

தனியாக ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே வைத்தபோது விஷயம் வெளிவந்தது. திருகு 200 என்கிறது, உள்ளே முள் 165-இல் நிற்கிறது, கொஞ்சம் ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது. போதாததற்குத் தட்டு நிறைய குளிர்ந்த ஈயம். பவுடர் கம்பெனிகள் 200 டிகிரி, 10 நிமிடம் என்று போடுவது அந்தப் பொருள் 200-ஐத் தொட்ட பிறகு 10 நிமிடம் என்ற அர்த்தத்தில், ஓவன் கதவைச் சாத்தியதிலிருந்து அல்ல. பளபளப்பு வந்தால் வெந்துவிட்டது என்று நினைத்தேன் பாருங்கள், பளபளப்பு என்றால் பொடி உருகிப் பரவியிருக்கிறது, அவ்வளவுதான். இறுகுவது அதற்குப் பிறகு. இப்போது தெர்மாமீட்டரில் 200 நிற்கும் வரை வெற்று ஓவனைச் சூடாக்கிவிட்டுத் தட்டை வைக்கிறேன், மேற்பரப்பு மங்கலிலிருந்து ஈரப் பளபளப்புக்கு மாறும் கணத்தைக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்து, அங்கிருந்து 20 நிமிடம் எண்ணுகிறேன். வெளிர் நிறங்கள் கூடுதல் நேரத்தில் கொஞ்சம் பழுப்பேறும், சிவப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

வெந்ததா இல்லையா என்று பார்க்க இரண்டு சோதனை. பஞ்சில் அசிட்டோன் நனைத்து ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து தடவை தேயுங்கள். பஞ்சில் லேசாக நிறம் படிந்தால் பரவாயில்லை, பூச்சு பிசுபிசுத்துக் கரைந்து வந்தால் வேகவில்லை. அடுத்தது சுத்தியல். ஒரு குண்டைப் பலிகொடுத்து, தட்டையாக நாணயம் மாதிரி ஆகும் வரை அடியுங்கள். நான் ஒழுங்காக வேகவைத்த முதல் குண்டை அடித்தபோது ஈயம் மூன்று மடங்கு அகலத்துக்குப் பரவியது, சிவப்பும் கூடவே இழுபட்டு மெலிந்து, ஓரத்தில் மயிரிழை மாதிரி விரிசல் கண்டதே தவிர ஒரு சில்லு கூடப் பறக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் பவுடருக்கு 4.5 என்று முடிவு செய்தேன். வேகாத குண்டையும் பக்கத்தில் வைத்து அடித்தேன், முதல் அடியிலேயே சட்டையைக் கழற்றிப் போட்டது.

ஈயம் ஓவனில் உருகிவிடாதா என்று பயப்படுபவர்களுக்கு: சுத்த ஈயம் உருகுவது 327 டிகிரியில், 200 ஒன்றும் செய்யாது. ஆனால் கையில் கிடைத்த பழைய ஈயத்தையெல்லாம் உருக்குகிறவராக இருந்தால் சால்டர் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கொண்ட சாதாரண சால்டர் 183 டிகிரியிலேயே உருகிவிடும். அப்படி ஒரு கலவையில் வார்த்த குண்டுகள் சில என் தட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டன. மேலே பூச்சு மட்டும் அருமையாகப் பிடித்திருந்தது.

நிறங்கள். கிட்டில் மூன்று நிறமும் ஒரே மாதிரி ஒட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிவப்பு முதல் சுற்றிலேயே மூடிவிடுகிறது. வெள்ளை அப்படி இல்லை, ஒரு சுற்றில் சாம்பல் நிறம் உள்ளிருந்து எட்டிப் பார்க்கும், வேகவைத்து ஆறிய பிறகு இரண்டாவது சுற்று வேண்டும். இரண்டாவது சுற்றில் பொடி கொஞ்சம் சோம்பேறித்தனமாக ஒட்டும், ஏனென்றால் இப்போது அடியில் இருப்பது உலோகம் இல்லை, பிளாஸ்டிக் தோல். பொறுமையாகச் சுழற்றினால் வரும். இருட்டில் ஒளிரும் பச்சை, மன்னிக்கவும், குலுக்கலுக்கு லாயக்கில்லை. ஒளிர வைக்கும் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் துகள் கனமானது, பருமனும் கூட, நிலைமின்சாரத்தால் அதைத் தூக்கி நிறுத்த முடிவதில்லை, அடியிலேயே தங்கிவிடுகிறது, குண்டில் ஒட்டுவது பிசின் மட்டும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் மின்மினி கூடப் பரவாயில்லை.

அந்தப் பச்சைக்காகத்தான் அமிழ்த்தும் முறைக்குப் போனேன். ஜிக் தலையின் முள்ளை இடுக்கியால் பிடித்து, சூடான காற்று அடிக்கும் ஹீட் கன்னில் 15, 20 விநாடி காட்டி, பொடிக்குள் ஒரு நொடி அமிழ்த்தி எடுத்தால், சூட்டிலேயே பொடி உருகி ஒட்டிக்கொள்ளும், நிலைமின்சாரமும் வேண்டாம் மழையைப் பற்றிய கவலையும் வேண்டாம். முதலில் வெள்ளை, மேலே பச்சை. வெள்ளை அடித்தளம் இல்லாவிட்டால் பாதி ஒளியை ஈயம் விழுங்கிவிடும். மீன்தொட்டிக் காற்றுப் பம்ப்பை அடியில் இணைத்துப் பொடியைக் கொதிக்கிற மாதிரி மிதக்க வைக்கும் குவளை ஒன்று இருந்தால் பூச்சு சீராக வரும், இல்லாவிட்டாலும் பாட்டிலைக் குலுக்கிப் பொடியைத் தளர்த்திவிட்டு அமிழ்த்தலாம். இதிலும் தொல்லை உண்டு. சூடு அதிகமானால் பொடி தடியாக அப்பி, ஓவனில் கீழே ஒழுகி மூக்குச்சளி மாதிரித் தொங்கும், சூடு குறைந்தால் பாதி வெறுமை. ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும் என்பதால் நூறு குண்டுக்கு ஒரு மாலை முழுக்கப் போய்விடும். ஓவனில் வைப்பதற்கு முன்பே முள்ளின் கண்ணில் ஊசி விட்டுத் துளையைத் திறந்துவிடுங்கள், இறுகிய பிறகு குத்தினால் ஓரம் பெயரும்.

ஆக, சின்னக் குண்டு நிறைய வேண்டும் என்றால் குலுக்கல், ஜிக் தலையும் பெரிய குண்டும் என்றால் அமிழ்த்தல். கிட் இரண்டுக்கும் பவுடர் தருகிறது, ஒன்றுக்கு மட்டும் வழி சொல்கிறது, அதையும் தப்பாகச் சொல்கிறது.

பாதுகாப்பு பற்றியும் தாளில் "குழந்தைகளிடமிருந்து விலக்கி வைக்கவும்" என்ற ஒற்றை வரிதான், அதனால் நானே சொல்கிறேன். சமைக்கும் ஓவனை இதற்குத் தொடாதீர்கள், தனியாகப் பழைய ஓவன் ஒன்று, அது வீட்டுக்கு வெளியே அல்லது காற்றோட்டமான கொட்டகையில். பொடி அத்தனை நுண்ணியது, மூடியைத் திறந்ததும் புகை மாதிரி எழும், முகமூடி இல்லாமல் திறக்க வேண்டாம். டிஜிஐசி என்ற கெட்டியாக்கி கலந்த பவுடர்கள் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாதவை, லேபிளில் அந்தப் பெயர் இருந்தால் கையுறையும் கட்டாயம். பறக்கும் பொடிக்குப் பக்கத்தில் தீ கூடாது. உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் நீராவியாக வெடித்து ஈயம் முகத்தில் அடிக்கும், கழுவின குண்டைக் கோட்டிங் சரியில்லை என்று திரும்பச் சட்டியில் போடும்போது இதை மறந்துவிடுவோம், நானும் ஒரு தடவை மறக்கப் பார்த்தேன். பூச்சுப் போட்ட குண்டை உருக்கினால் பிளாஸ்டிக் எரிந்து கண்ணைக் கரிக்கும் புகை வேறு வரும்.

பூச்சு போட்டுவிட்டால் ஈயம் தீங்கில்லாததாகிவிடும் என்று பெட்டியின் பக்கவாட்டில் ஒரு வாசகம் இருக்கிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை. கையில் கறுப்புப் படியாது, உண்மைதான். ஆனால் தூண்டில் நரம்பு அறுந்து அடியில் கிடக்கும் குண்டு கல்லோடு கல்லாகத் தேயும், நீர்ப்பறவை விழுங்கினால் அதன் இரைப்பை அரைக்கும். பிரிட்டனில் 1987-இலிருந்தே 28.35 கிராம் வரையிலான பெரும்பாலான ஈயத் தூண்டில் குண்டுகளின் விற்பனைக்குத் தடை, கனடாவின் தேசியப் பூங்காக்களில் 1997-இலிருந்து 50 கிராமுக்குக் குறைந்த ஈயம் கூடாது. அந்த மாதிரி இடங்களில் மேலே சிவப்பு பூசியிருக்கிறேன் என்றால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

வாங்கலாமா? கையில் ஏற்கனவே ஓவனும் அச்சும் இருக்கிறவர் என்றால், கிட்டை விட்டுவிட்டு இதே கம்பெனியின் சிவப்புப் பவுடரை மட்டும் தனி பாட்டிலாக வாங்குங்கள், டப்பாவுக்கு வீட்டு அலமாரியைத் துழாவுங்கள், 5 போட்டது ஒன்று கட்டாயம் இருக்கும், மிச்சப் பணத்தில் ஓவன் தெர்மாமீட்டர். ஒன்றுமே இல்லாமல் புதிதாகத் தொடங்குகிறவருக்கு உருண்டை, இடுக்கி, விரிப்பு எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது வசதிதான், வந்த அன்றே தெளிவான டப்பாவை ஆணி போட்டு வைக்க எடுத்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் இப்போது சுழலாத அந்தப் பன்னிரண்டு சுழல் வளையக் குண்டுகள் இருக்கின்றன.